மீட்டரிலிருந்து மோட்டார் வரை: வேலூர் வீடுகளுக்கு ஆர்மர்டு கேபிள் எப்படி?

வேலூர் கடைகளில் ஆர்மர்டு கேபிளை, அதாவது இரும்புக் கவசம் சுற்றிய கேபிளை, முழுப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. "யூஜி கேபிள், 4 கோர் 16, 40 மீட்டர்" (உள்ளே நாலு கம்பி, ஒவ்வொன்றும் 16 சதுர மி.மீ) என்றால் கடைக்காரர் டிரம்மை உருட்ட ஆரம்பித்துவிடுவார். யூஜி என்றால் அண்டர்கிரவுண்ட்; மண்ணுக்குள் போடவென்று வந்த சரக்கு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சுவர் மேலே ஏறினாலும், மொட்டை மாடியில் ஓடினாலும், லாட்ஜ் மாடிப்படி ஓரமாக நாலு தளம் போனாலும் அது யூஜி கேபிள்தான்.

முதலிலேயே எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பொருள் நல்ல பொருள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள எந்தத் தெரிந்த கம்பெனி கேபிளும் ஒழுங்காகப் போட்டால் வீட்டுக்காரர் காலம் முழுக்க உழைக்கும். ஆனால் ஊரில் போட்டிருப்பதில் பெரும்பகுதி ஒழுங்காகப் போட்டது அல்ல. கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய பித்தளைக் கிளாண்டை மிச்சம் பிடிக்கிறார்கள். அப்படிப் போட்ட ஆர்மர்டு கேபிளை விட, சாதாரண ஒயரை பிவிசி பைப்பில் இழுத்தது பாதுகாப்பு. ஏன் என்று கீழே வருகிறது.

வெட்டிய முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் கோர்கள், அதாவது காப்பு போட்ட மின்கம்பிகள்: 2 கோர் என்றால் சிவப்பு, கருப்பு; 4 கோர் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு. அவற்றின் மேல் ஒரு உள் உறை. அதன் மேல் துத்தநாகம் பூசிய இரும்பு, அதுதான் ஆர்மர். எல்லாவற்றுக்கும் மேலே கருப்பு பிவிசி வெளி உறை. இரும்பு இரண்டு விதமாக வரும். ஒன்று 1.4 மி.மீ அல்லது அதற்கு மேல் தடிமன் உள்ள உருண்டைக் கம்பி, இன்னொன்று 4 மி.மீ அகலம், 0.8 மி.மீ கனம் உள்ள பட்டை. ஆர்மருக்கு அடியில் விட்டம் 13 மி.மீ வரை உள்ள சின்ன கேபிளுக்கு உருண்டைக் கம்பிதான். அதற்கு மேல் பட்டையும் வரும், கம்பியும் வரும். கடையில் இருப்பது பெரும்பாலும் பட்டை. மண்ணுக்குப் பட்டை போதும். நாலு மாடிக்குச் செங்குத்தாகத் தொங்கும் கேபிளுக்கு உருண்டைக் கம்பியே கேளுங்கள், எடையை அதுதான் தாங்கும்.

உறையில் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். முதல் எழுத்து ‘ஏ’ இருந்தால் அலுமினியம், இல்லாவிட்டால் செம்பு. ‘ஒய்’ என்றால் பிவிசி, ‘2எக்ஸ்’ என்றால் எக்ஸ்எல்பிஇ, அதாவது கூடுதல் சூடு தாங்கும் பிளாஸ்டிக். ‘டபிள்யூ’ உருண்டைக் கம்பி, ‘எஃப்’ பட்டை. ஆக ‘ஏ2எக்ஸ்எஃப்ஒய்’ என்பது அலுமினியம், எக்ஸ்எல்பிஇ காப்பு, பட்டை ஆர்மர், பிவிசி வெளி உறை. ‘ஒய்டபிள்யூஒய்’ என்பது செம்பு, பிவிசி, உருண்டைக் கம்பி, பிவிசி. ஐஎஸ் என்பது இந்தியத் தர எண்: பிவிசி கேபிளுக்கு ஐஎஸ் 1554, எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு ஐஎஸ் 7098. வீட்டுக்குள் பைப்பில் இழுக்கும் ஒயர் ஐஎஸ் 694. அது வேறு சாதி, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கே போட்டால் காசு வீணில்லை

மூன்று ஓட்டங்கள். மீட்டரிலிருந்து வீட்டு மெயின் போர்டு வரை ஒன்று. வீட்டிலிருந்து மண்ணுக்கடியில் போர் மோட்டார், கேட் விளக்கு, பின்கட்டு, மாட்டுக் கொட்டகை வரை இரண்டாவது. பல மாடிக் கட்டடத்தில் கீழ்த்தள பேனலிலிருந்து ஒவ்வொரு தளத்து டிபிக்கும் (அந்தத் தளத்து லைன்கள் பிரியும் பெட்டி) ஏறும் ஓட்டம் மூன்றாவது. மூன்றிலும் பொதுவான விஷயம், நடுவில் கிளை இல்லை. ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே வரும் நேர் ஓட்டம். ஆர்மர்டு கேபிள் அதற்காகவே செய்தது. மண்வெட்டி பட்டாலும், எலி கடித்தாலும், ஆணி அடித்தாலும் முதலில் இரும்பு வாங்கிக்கொள்ளும்.

காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் தங்கும் லாட்ஜுகளில் மூன்றாவது வகைதான் அதிகம் பார்க்கலாம். பழைய கட்டடத்தில் அறைக்கு அறை ஏசி வைத்ததும் மாடிக்கு ஏறும் பழைய ரைசர் ஒயர் தாங்காது. சுவரைக் குடைந்து புது பைப் போட முடியாது, அறையில் நோயாளியும் உறவினரும் தங்கியிருப்பார்கள். வெளிச் சுவரில் சேடில் (கேபிளைப் பிடிக்கும் கிளிப்) அடித்து ஆர்மர்டு கேபிளை ஏற்றிவிட்டால் இரண்டே நாளில் வேலை முடியும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது.

வீட்டு அறைகளுக்குள், ஸ்விட்ச் போர்டுக்கும் ஃபேனுக்கும் இதையே இழுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அங்கே மெட்டல்-கிளாட் என்று ஒரு கேபிள் ஓடுகிறது. அலுமினியப் பட்டையை ஒன்றோடொன்று கோத்துச் சுருட்டிய, வளையும் கவசம். உள்ளே பச்சை எர்த் ஒயர் தனியாக வரும். அவர்கள் வீட்டுச் சுவர் மரச் சட்டமும் பலகையுமாக நடுவில் காலியாக இருப்பதால் அது எளிதாக நுழைந்து போகும். நம் சுவர் செங்கலும் சிமெண்டும். நம் ஊரில் கிடைக்கும் இரும்புக் கவசக் கேபிள் அதைப் போல வளையவும் செய்யாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 கோர் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ) செம்புக் கேபிளின் வெளி விட்டம் ஏறக்குறைய 16 மி.மீ. மல்டி கோர் கேபிளை அதன் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 19 செ.மீ. நாலரை இஞ்ச் சுவரின் மொத்த கனமே 11.5 செ.மீதான். அதில் எங்கே வளைப்பது? வளைத்துத் திணித்தாலும் ஸ்விட்ச் பெட்டிக்குள் கிளாண்டு உட்கார இடமில்லை. பத்து வருஷம் கழித்து ஒயர் மாற்ற வேண்டும் என்றால் பைப்பில் பழையதை உருவிப் புதியதை இழுக்கலாம்; பூச்சுக்குள் புதைத்த ஆர்மர்டு கேபிளை உருவ முடியாது, சுவரை உடைக்க வேண்டும். அறைக்குள் பிவிசி பைப்பும், தீ எளிதில் பரவாத எஃப்ஆர் ஒயருமே போதும்.

எந்த சைஸ்

கடைக்காரர் "எதுக்கும் 16 போட்டுடுங்க சார்" என்பார். சில இடத்தில் அது சரி, சில இடத்தில் வீண் செலவு, சில இடத்தில் போதாது. ஸ்கொயர் என்று நாம் சொல்வது சதுர மி.மீ. 4 கோர் 16 ஸ்கொயர் அலுமினிய பிவிசி கேபிள் மண்ணில் 60 ஆம்பியர், காற்றில் 51 ஆம்பியர் தாங்கும். 10 ஸ்கொயர் மண்ணில் 46, காற்றில் 40. 25 ஸ்கொயர் மண்ணில் 76, காற்றில் 70. இந்த எண்கள் காற்று 40 டிகிரி, மண் 30 டிகிரி என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். மேற்குச் சுவரில் சாயங்கால வெயில் நேராக அடிக்கும் கருப்புக் கேபிளில் கை வைத்தால் சுடும். காற்று 45 டிகிரி ஆனாலே பிவிசி கேபிளின் தாங்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். பிவிசி 70 டிகிரி வரைதான் தாங்கும், எக்ஸ்எல்பிஇ 90 வரை தாங்கும். ஆகவே வெளிச் சுவர், மொட்டை மாடி ஓட்டத்துக்குப் பிவிசியைத் தொடாதீர்கள், எக்ஸ்எல்பிஇ வாங்குங்கள். மண்ணுக்கு எது கிடைத்தாலும் சரி.

நீண்ட ஓட்டத்தில் ஆம்பியரை விட வோல்டேஜ் இறக்கம்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும். தோட்டத்து மூலையில் 60 மீட்டர் தள்ளி ஒரு 1.5 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருக்கிறது, ஓடும்போது 10 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். 2.5 ஸ்கொயர் செம்பு சூடான நிலையில் கிலோமீட்டருக்கு 8.9 ஓம், போக வர 120 மீட்டருக்கு 1.07 ஓம், இறக்கம் 10.7 வோல்ட். பரவாயில்லையே என்று தோன்றும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதே மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கும்போது இறக்கம் 43 வோல்ட். சாயங்காலம் ஊரில் 210 வோல்ட் வரும் நேரத்தில் மோட்டாருக்குக் கிடைப்பது 167. அது உறுமும், சுற்றாது, கெபாசிட்டர் போகும், கடைசியில் வைண்டிங் போகும். பழி மோட்டார் கம்பெனி மேல் விழும். 4 ஸ்கொயர் போட்டிருந்தால் ஓடும்போது 6.6 வோல்ட், ஸ்டார்ட்டில் 26 வோல்ட். வித்தியாசத்துக்கு ஆகும் செலவு, திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்யும் செலவுக்கு முன்னால் பெரிதல்ல. போருக்குள் இறங்கும் ஒயர் மட்டும் தட்டையான சப்மெர்சிபிள் கேபிளாகவே இருக்கட்டும். ஆர்மர்டு கேபிளை போர் தலைப்புப் பெட்டியோடு நிறுத்த வேண்டும், உள்ளே விடக் கூடாது.

25 ஸ்கொயரிலிருந்து 3.5 கோர் என்று ஒன்று கிடைக்கும். மூன்று ஃபேஸும் முழு சைஸ், நியூட்ரல் மட்டும் ஏறக்குறைய பாதி: 25-க்கு 16, 35-க்கு 16, 50-க்கு 25. மோட்டாரே லோடாக உள்ள அரிசி மில்லுக்கு இது சரி, மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றும் ஓடாது. வீட்டுக்கும் லாட்ஜுக்கும் சரியில்லை. எல்இடி விளக்கு, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி எல்லாம் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுப்பவை. அந்தத் துண்டுகளில் மூன்றாம் ஹார்மோனிக் என்று ஒரு பகுதி, மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று கழிக்காமல் கூடிக்கொண்டே போகும். ஃபேஸில் கிளாம்ப் மீட்டர் 40 காட்டும்போது நியூட்ரலில் 35 காட்டுவது அதனால்தான். முழு 4 கோர் வாங்குங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்குச் சில்லறை வித்தியாசம்தான், ஆனால் எரிந்த நியூட்ரல் ஒரு தளத்து டிவி அத்தனையையும் 400 வோல்ட்டில் கொளுத்தும்.

செம்பா அலுமினியமா? 10 ஸ்கொயருக்குக் கீழே செம்பு மட்டும். மெல்லிய அலுமினியக் கம்பி ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி, மெல்ல மெல்லத் தளர்ந்து, சூடாகி, கருகும். 16-க்கு மேல் அலுமினியம் தாராளமாகப் போடலாம், கம்பி முனையில் லக் (அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு) அடித்தால். விலையை இங்கே எழுதவில்லை. செம்பு விலை ஏறி இறங்கும் வேகத்தில் நாங்கள் எழுதுவது நீங்கள் படிக்கும்போது பொய்யாகிவிடும்.

கிளாண்டு

இப்போது விஷயத்துக்கு வருவோம். கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் மூன்று வேலை நடக்க வேண்டும். கேபிளின் எடையும் இழுப்பும் டெர்மினலுக்குப் போகாமல் பெட்டிச் சுவரிலேயே நிற்க வேண்டும். ஆர்மர் இரும்பு பெட்டியோடும் எர்த்தோடும் இறுக்கமாகச் சேர வேண்டும். தூசி, தண்ணீர், பல்லி உள்ளே போகக் கூடாது. மூன்றையும் செய்வது ஒரே பித்தளைத் துண்டு. அதுதான் கிளாண்டு.

சிங்கிள் கம்ப்ரஷன், டபுள் கம்ப்ரஷன் என்று இரண்டு உண்டு. வீட்டுக்குள், கூரைக்கு அடியில் சிங்கிள் போதும். வெளியே, ஈரத்தில், மண்ணிலிருந்து நேராக ஏறும் இடத்தில் டபுள்தான். அதில் ஆர்மரைக் கூம்பும் வளையமும் பிடிக்கும், வெளி உறையை ஒரு ரப்பர் வளையம் தனியாகப் பிடிக்கும். காமெட், டவல்ஸ் போன்ற பெயர்கள் கடையில் கிடைக்கும். பெயரில்லாத கிளாண்டைக் கையில் எடுத்தால் காற்றாக இருக்கும், மரையைத் திருகும்போதே வழுக்கும். அதை வாங்காதீர்கள். கிளாண்டு சைஸைக் கேபிள் ஸ்கொயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே 4 கோர் 16-க்குக் கம்பெனிக்குக் கம்பெனி வெளி விட்டம் மாறும். வெர்னியர் வைத்து வெளி விட்டம், உள் உறை விட்டம் இரண்டையும் அளந்து, கிளாண்டு கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அரை மி.மீ தளர்ந்தால் அது கிளாண்டு அல்ல, வெறும் வளையல்.

மாட்டும் முறை இது. முதலில் பிவிசி தொப்பியையும் கிளாண்டின் பின் நட்டையும் கேபிளில் கோத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டு எல்லாம் முடிந்தபின் தலையில் கை வைப்பவர்கள் பலர். பிறகு டெர்மினலுக்கு வேண்டிய நீளத்துக்கு வெளி உறையை உரிக்க வேண்டும். ஆர்மரை ஹேக்சா பிளேடால் முழுசாக அறுக்கக் கூடாது. கம்பியின் கனத்தில் பாதி ஆழத்துக்கு வட்டமாக ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கம்பியாக முன்னும் பின்னும் ஆட்டினால் அதுவே அந்த இடத்தில் ஒடியும். பிளேடு ஒரு இழுப்பு அதிகம் போனால் உள் உறையையும் அறுத்து, கோரின் மேல் ஒரு கீறல் போட்டுவிடும். அன்றைக்கு மெகரில் (காப்பைச் சோதிக்கும் கருவி) தெரியாது, ஐப்பசி மழையில் தெரியும். ஒடித்தபின் நிற்கும் ஆர்மர் கூம்பின் நீளத்துக்குச் சரியாக, 12 முதல் 20 மி.மீ வரை இருக்கும். அதைப் பூ விரித்த மாதிரி விரித்து, அடியில் கூம்பை நுழைத்து, வளையத்தைப் போட்டு நட்டை இறுக்க வேண்டும். ஒரு கம்பிகூடக் கூம்புக்கு வெளியே நிற்கக் கூடாது, இரண்டு கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது. உள் உறை கிளாண்டைத் தாண்டிப் பெட்டிக்குள் ஒரு சென்டிமீட்டராவது எட்டிப் பார்க்க வேண்டும். கோர்கள் பித்தளையில் உரசக் கூடாது.

இறுக்கியபின் கேபிளைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள், முறுக்கிப் பாருங்கள். கிளாண்டு சுற்றினால் செக் நட் தளர்வு. கேபிள் மட்டும் சுற்றினால் கூம்பு பிடிக்கவில்லை.

இதையெல்லாம் செய்யாமல் பெரும்பாலும் நடப்பது வேறு. பெட்டியின் ஓட்டையில் கேபிளை நுழைத்து, ஆர்மரைப் பெட்டிக்கு வெளியிலேயே வெட்டி, மேலே கருப்பு டேப் சுற்றிவிடுகிறார்கள். கேட்டால் "கிளாண்டு எதுக்கு சார், டேப் போதும், கரண்ட் வருதில்ல?" என்பார்கள். கரண்ட் வரும். ஒரு நாள் யாரோ சுவரில் ஆணி அடிப்பார்கள். ஆணி வெளி உறை, ஆர்மர், உள் உறை எல்லாவற்றையும் துளைத்து ஃபேஸ் கோரைத் தொடும். ஆர்மர் எர்த்தோடு சேர்ந்திருந்தால் அந்த நொடியே பெரிய மின்னோட்டம் ஓடி எம்சிபி (தானாக விழும் ஸ்விட்ச்) விழும், கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்சிசிபி இருந்தால் அதற்கும் முன்பே விழும். சேராமல் இருந்தால் ஒன்றும் விழாது. கேபிளின் முழு நீளத்துக்கும் ஆர்மர் 230 வோல்ட்டில் நிற்கும். சேடில், இரும்புக் கைப்பிடி, கேட் தூண், ஈரச் சுவர், எதை யார் எங்கே தொட்டாலும் ஷாக். பிவிசி பைப்பில் இருந்த ஒயரை ஆணி துளைத்திருந்தால் ஆபத்து அந்த ஆணியோடு முடிந்திருக்கும். பிவிசி பைப்பில் இழுத்ததே பாதுகாப்பு என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

எர்த்

பிளாஸ்டிக் டிபி வைத்த வீடுகளில் இன்னொரு கண்ணி. பெட்டி பிளாஸ்டிக் என்பதால் கிளாண்டு எவ்வளவு இறுக்கினாலும் எர்த்தோடு சேராது. கிளாண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே எர்த் டேக் என்று ஒரு வட்டத் தகடு போட்டு, அதன் காதிலிருந்து பச்சை ஒயரை எர்த் பாருக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தச் சின்னத் தகட்டில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. இரும்புப் பெட்டியிலும் பெயிண்ட் மேல் நட் உட்கார்ந்தால் தொடர்பு கிடைக்காது. பெயிண்டைச் சுரண்டிவிட்டு பல் வாஷர் போடுங்கள், அல்லது டேக் போடுங்கள்.

ஆர்மரையே எர்த் ஒயராக வைத்துக்கொள்ளலாமா? 2 கோர் 4 ஸ்கொயர் கேபிளில் ஏறக்குறைய 25 கம்பிகள் சுற்றியிருக்கும், ஒவ்வொன்றும் 1.5 சதுர மி.மீ. கூட்டினால் 38 சதுர மி.மீ இரும்பு. இரும்புக்குச் செம்பை விட ஏறக்குறைய 8 மடங்கு மின்தடை. ஆக இது 4.5 முதல் 5 ஸ்கொயர் செம்புக்குச் சமம். சின்ன கேபிளில் கணக்கு இடிக்கவில்லை. பெரிய சைஸில் கோர் வளரும் அளவுக்கு ஆர்மர் வளராது, அங்கே எட்டாது. சின்னதிலும் கணக்கு நிற்பது கிளாண்டு இறுக்கமாக, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கும்வரைதான். அதனால் எந்த ஓட்டத்திலும் கேபிளோடு ஒட்டி 8 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியோ சரியான சைஸ் செம்பு எர்த் ஒயரோ தனியாக ஓட வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது விதி. ஆர்மரை இரண்டு முனையிலும் எர்த் செய்யுங்கள், ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேஸை ஒரு கேபிளிலும் நியூட்ரலை இன்னொரு கேபிளிலும் அனுப்பும் குறுக்கு வழி சில இடத்தில் தென்படுகிறது, பழைய கேபிளில் ஒரு கோர் போய்விட்டால் இப்படிச் செய்கிறார்கள். போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒரே இரும்புக்குள் இருந்தால் காந்தப்புலம் ஒன்றையொன்று தின்றுவிடும். பிரித்தால் இரும்பே சூடாகும். சிங்கிள் கோர் கேபிளுக்கு இரும்பு ஆர்மர் போடாமல் அலுமினியக் கம்பி போடுவது இதனால்தான்.

மண்ணிலும் சுவரிலும்

மண்ணுக்குள் போகும் எல்டி (குறைந்த வோல்டேஜ்) கேபிளுக்கு 75 செ.மீ ஆழம் வேண்டும். விருதம்பட்டுப் பக்கம் பாலாற்று ஓரத்தில் அரை நாள் வேலை. சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் ஒன்றரை அடியில் கடப்பாரை நிற்கும். அங்கே பாறையின் மேல் கேபிளை வைத்து மண் தள்ளிவிடுவதுதான் வழக்கம். கல்லின் கூர்முனை வருஷக்கணக்கில் உறையை அழுத்தி, கடைசியில் ஆர்மர் வரை போகும். ஆழம் கிடைக்காத இடத்தில் கேபிளை ஜிஐ பைப்பிலோ இரட்டைச் சுவர் எச்டிபிஇ பைப்பிலோ விட்டு, மேலே கான்கிரீட் போடுங்கள். ஆழம் கிடைத்த இடத்தில் அடியில் 8 செ.மீ மணல், கேபிள், மேலே 8 செ.மீ மணல், பிறகு குறுக்கே செங்கல், அதன்மேல் சலித்த மண், தரைக்கு ஒரு அடி கீழே எச்சரிக்கை டேப். செங்கல் எதற்கு என்றால், நாளைக்குத் தண்ணீர் பைப்புக்குத் தோண்ட வருபவருக்குச் செங்கல் தட்டுப்பட்டால் கை நிற்கும். மண்ணை விட்டு மேலே ஏறும் இடத்தில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஜிஐ பைப் போட்டுக் காப்பாற்றுங்கள்.

கேபிளை டிரம்மிலிருந்து சுருள் சுருளாகத் தூக்கிப் போட்டால் முறுக்கு விழும். டிரம்மைக் கம்பியில் ஏற்றிச் சுழற்றி இழுக்க வேண்டும். 4 கோர் 16 மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு அருகில் வரும், 40 மீட்டர் என்றால் இரண்டு பேராவது வேண்டும். சுவரில் சேடில் 45 செ.மீக்கு ஒன்று.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஆர்மர் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்கு ஒரு மெல்லிய குழாய் மாதிரி. மொட்டை மாடியில் வெட்டிய முனை திறந்திருந்தால் கார்த்திகை மழைத் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக மூன்று மாடி இறங்கிக் கீழ் மீட்டர் பெட்டிக்குள் சொட்டும். மேலிருந்து பெட்டியின் தலையில் நுழைப்பதும் அதே தப்புதான். எப்போதும் பெட்டியின் அடியிலிருந்து நுழையுங்கள். நுழையும் முன் கேபிள் பெட்டியை விடத் தாழ்ந்து ஒரு வளைவு போட்டு ஏறட்டும், தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

நடுவில் ஜாயிண்ட் வேண்டாம், முழு நீளமாக வாங்குங்கள். வேறு வழியில்லை என்றால் ரெசின் கிட்டோ ஹீட் ஷ்ரிங்க் கிட்டோ போடுங்கள். இரண்டு பக்க ஆர்மரையும் செம்புப் பின்னலால் இணைத்து கிளிப் போட்டு இறுக்குங்கள். கோரை மட்டும் சேர்த்து டேப் சுற்றினால், ஜாயிண்டுக்கு அப்பால் உள்ள ஆர்மர் எர்த்திலிருந்து பிரிந்துவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். உப்பும் ஈரமும் வெளி உறையில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் போதும், துத்தநாகம் சில வருஷத்தில் போய் இரும்பு துருவாக உதிரும். சல்ஃபைடு கலந்த காற்று செம்பு முனையைக் கருக்கிவிடும். நிக்கல் பூசிய டபுள் கம்ப்ரஷன் கிளாண்டு, வெள்ளீயம் பூசிய லக், ஒவ்வொரு கிளாண்டுக்கும் தொப்பி. ஆற்காடு அரிசி மில்லில் எதிரி எலிதான், அங்கே இந்தக் கேபிள் ஒன்றும் செய்யாமலே ஜெயிக்கும். கூட்டம் கூடும் கட்டடங்களுக்கு உள்ளே ஓடும் கேபிள் எஃப்ஆர்எல்எஸ் (தீ எளிதில் பரவாத, புகை குறைந்த) உறையோடு இருக்கட்டும். சாதாரண பிவிசி எரிந்தால் வரும் புகை அமிலப் புகை, மாடிப்படியில் ஆளை மூச்சுத் திணறவைக்கும்.

வாங்கும்போது

பாலிகேப், ஃபினோலெக்ஸ், ஹேவல்ஸ், கேஇஐ எல்லாம் இந்த வகை கேபிள் செய்கிறார்கள். எங்களுக்கு அவற்றில் ஒன்றை உசத்திச் சொல்லக் காரணமில்லை. உறையில் கம்பெனி பெயர், 1100 வோல்ட், தயாரித்த வருஷம், ஐஎஸ் எண், ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய லைசென்ஸ், இன்னும் செல்லுமா என்று வந்துவிடும். மீட்டருக்கு மீட்டர் எண் அச்சாகியிருக்கும். வெட்டும்போது தொடக்க எண், முடிவு எண் இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். துண்டுக் கேபிள் வாங்கினால் முனை மூடியிருந்ததா என்று பாருங்கள். கடை வாசலில் திறந்த முனையோடு மழையில் கிடந்த டிரம்மில் முதல் இரண்டு மீட்டரை வெட்டிப் போடச் சொல்லுங்கள், முறைத்தாலும் சரி.

கரண்ட் கொடுப்பதற்கு முன் 500 வோல்ட் மெகரில் கோருக்குக் கோர், ஒவ்வொரு கோருக்கும் ஆர்மருக்கும் நடுவே பாருங்கள். 1 மெகா ஓம் என்பது விதியின் கடைசி எல்லை. புதுக் கேபிள் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டும். 5, 10 காட்டினால் முனையில் ஈரம் அல்லது கிளாண்டுக்குள் கீறல். மல்டிமீட்டரில் இரண்டு முனைக் கிளாண்டுக்கும் எர்த் பாருக்கும் நடுவே 1 ஓமுக்கும் கீழே வர வேண்டும்.

அலுமினியக் கேபிளை எம்சிபியின் ஓட்டைக்குள் நேராகத் திணிக்காதீர்கள். கம்பியைச் சுத்தமாகத் தேய்த்து, ஜாயிண்டிங் பேஸ்ட் தடவி, சரியான டையில் லக் அடிக்க வேண்டும். செம்பு பாரில் உட்காரும் இடத்தில் அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டல் லக். ஒரு மாதம் ஓடியபின் மெயினை நிறுத்திவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்குங்கள். பாதித் திருப்பு கண்டிப்பாக உள்ளே போகும். அப்போதே டிபி கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் கேபிள் சைஸ், மண்ணில் போகும் வழி, ஜாயிண்ட் இருந்தால் சுவரிலிருந்து எத்தனை அடி என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.